ஒரு வியாதியும் இல்லாதவங்க ஃப்ளேவனாய்ட் மாத்திரை சாப்பிட்டா பலன் இருக்கா?

ஃப்ளேவனாய்ட்ங்கறது காய், பழம், டீயில எல்லாம் இயற்கையா இருக்கற ஒரு வகைப் பொருள். உங்களுக்கு 38 வயசு, பிரஷர் சுகர் எல்லாம் நார்மல், அந்த வகையில க்வெர்சிட்டின் (வெங்காயத்துல இருக்கறது) இல்லன்னா கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் (டீ இலையோட செறிவான சாறு) மாத்திரை எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. க்வெர்சிட்டின் வேண்டாம்னு சொல்வேன், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் வேண்டவே வேண்டாம்னு கெஞ்சிக் கேப்பேன்.

என் தம்பி இங்க சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கான், போன தீபாவளிக்கு முன்னாடி எடை குறையணும்னு கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரைய ஆன்லைன்ல வாங்கி, காலையில வெறும் வயித்துல ரெண்டு ரெண்டா ஆறு வாரம் முழுங்கியிருக்கான். அப்புறம் பசியில்ல, எப்பப் பாத்தாலும் அசதி, ஒண்ணுக்கு தே ஓ (பால் இல்லாத டீ) கலர்ல போகுது. ரத்தம் எடுத்துப் பாத்தா ஈரல் நம்பர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. டாக்டர் வேற என்ன மருந்து சாப்பிடுறன்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டான், அவன் கணக்குல அது மருந்தே இல்ல, வெறும் டீ. அம்மாதான் கைப்பையிலேர்ந்து டப்பாவ எடுத்து மேசையில வெச்சாங்க. நிறுத்தினப்புறம் இறங்கிடுச்சு, ஆனா அந்த ரெண்டு மாசம் அம்மா சரியா தூங்கல.

அந்த டப்பாவுல இருந்தது ஈஜிசிஜி, கிரீன் டீயில இருக்கற முக்கியமான ஃப்ளேவனாய்ட். சாதாரணமா கிரீன் டீ குடிக்கிறவங்களுக்கு நாளைக்கு சராசரியா 90லேர்ந்து 300 மில்லிகிராம் போகுமாம், மாத்திரையா 800ம் அதுக்கு மேலயும் எடுத்தா ஈரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லிடுச்சு, அதுலயும் வெறும் வயித்துல எடுத்தா ரத்தத்துல இன்னும் அதிகமா ஏறும்.

சரி, க்வெர்சிட்டின். டப்பாவுல ஆன்டிஆக்ஸிடன்ட்னு பெருசா போட்டிருக்கும், அது சோதனைக் குழாய்ல நெசம்தான், ஆனா வயித்துக்குள்ள போனதும் குடலும் ஈரலும் அத வேற பொருளா மாத்திடுது, பாக்கிய குடல் கிருமி உடைச்சிடுது, ரத்தத்துல மிஞ்சுறது ரொம்பக் கொஞ்சம். 500 மில்லிகிராமுக்கு மேல எடுத்தா பிரஷர் லேசா குறையுதுன்னு ஆய்வு இருக்கு, ஆனா அது பெரும்பாலும் ஏற்கெனவே பிரஷர் கூட இருக்கவங்ககிட்ட, உங்களுக்கு நார்மலா இருக்கு, அங்க எறங்க என்ன இருக்கு சொல்லுங்க. சளி பிடிக்காதான்னா, 2010ல சுமார் ஆயிரம் பேருக்கு 12 வாரம் குடுத்துப் பாத்தாங்க, மொத்தத்துல வித்தியாசமில்ல, 40 வயசு தாண்டி உடம்ப ஃபிட்டா வெச்சிருக்கறதா சொன்னவங்களுக்கு மட்டும் 1000 மில்லிகிராம்ல சளி நாள் கொஞ்சம் குறைஞ்சுது.

எனக்கு ஓரளவு நம்பிக்கை இருக்கறது கோகோ ஃப்ளேவனால்ல (கோகோவுல இருக்கற ஃப்ளேவனாய்ட் வகை) மட்டும்தான். அமெரிக்காவுல 21,000க்கும் மேல வயசானவங்களுக்கு தினம் 500 மில்லிகிராம் வருஷக் கணக்கா குடுத்த காஸ்மோஸ் ஆய்வு 2022ல வந்துச்சு. மாரடைப்பு ஸ்ட்ரோக் எல்லாம் சேத்துப் பாத்த முக்கியக் கணக்குல உறுதியா சொல்ற அளவு குறையல, இதய நோய்ச் சாவு மட்டும் தனியா பாத்தா 27 சதவீதம் கம்மி. நல்ல சேதிதான், ஆனா அவங்க 60 தாண்டினவங்க, நீங்க 38.

அப்புறம் சமையல் மஞ்சள்ல செய்யற மாத்திரையையும் இதோட சேத்துக் கேட்டிருந்தீங்க, அதுல இருக்கற குர்குமின் ஃப்ளேவனாய்டே இல்ல, அது வேற வகை.

இங்க சிங்கப்பூர்ல கடையில விக்குதுன்னா அரசாங்கம் சோதிச்சு விட்டிருக்கும்னு நெனைக்காதீங்க, சப்ளிமென்ட்டுக்கு விக்கறதுக்கு முன்னாடி சுகாதார அறிவியல் ஆணையத்தோட அனுமதி வாங்கணும்னு இல்ல. அந்தக் காசுக்கு தேக்கா மார்க்கெட்ல சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் வாங்குங்க, க்வெர்சிட்டின் அதுலயே இருக்கு, வெங்காயத்துல இருக்கறது உடம்புல நல்லாவே சேரும்.

ஏற்கெனவே ஆரம்பிச்சிட்டீங்கன்னா, பசி போகுதா, கண்ணு மஞ்சளாகுதா, ஒண்ணுக்கு கருக்குதான்னு பாருங்க, அப்படி ஏதாவது இருந்தா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க, டப்பாவ கையோட எடுத்துட்டுப் போங்க.