சிங்கப்பூர் வெயிலில் மயங்கி விழுந்த கணவரை ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் கட்டுமான வேலைக்காகச் சிங்கப்பூர் போனார். வேலையில் சேர்ந்த ஐந்தாம் நாள் மதியம், மொட்டைத் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சிறுநீரகம் பாதித்திருப்பதாகச் சொல்லி டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது டார்மிட்டரியில் படுத்திருக்கிறார். "இது உன் உடம்பில் முன்பே இருந்த நோய், விபத்து இல்லை. ஆஸ்பத்திரிச் செலவைச் சம்பளத்தில் பிடிப்போம். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஊருக்கு டிக்கெட் தருகிறோம்" என்கிறது கம்பெனி. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. என்ன செய்வது? (வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: சகோதரி, இன்றே அவரைப் போனில் அழைத்துச் சொல்லுங்கள்: எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஒருவேளை போட்டுவிட்டிருந்தாலும் பதற வேண்டாம். வேலையிட விபத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சிங்கப்பூர்ச் சட்டத்தின் முன் செல்லாது.

"முன்பே இருந்த நோய்" என்று கம்பெனி சொல்வதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். கடும் வெப்பத்தில் உடல் உழைப்புச் செய்யும்போது தசை சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கும் இது வரும். மருத்துவ அறிக்கையில் இரண்டு விவரங்களைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று, அவரைக் கொண்டுவந்தபோது இருந்த உடல் வெப்பநிலை. மற்றொன்று, ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் (தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் நொதி) அளவு. இரண்டும் மிக உயர்ந்திருந்தால் வெப்பம்தான் காரணம் என்று அந்தத் தாளே பேசும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, எங்கே, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் கூடவே நின்றாலும் தயங்கக் கூடாது. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கலாம்.

வெப்பம் பற்றி அங்கே தெளிவான விதிகள் இருக்கின்றன. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளப்பதை டபிள்யூ.பி.ஜி.டி. என்பார்கள். அது 32 டிகிரியைத் தொட்டால் கடின உழைப்பில் இருப்பவருக்கு மணிக்கு 10 நிமிடமும், 33 டிகிரியைத் தொட்டால் மணிக்கு 15 நிமிடமும் நிழலில் ஓய்வு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்தது. புதிதாக வந்தவரின் உடல் அந்த வெப்பத்துக்குப் பழகக் குறைந்தது 7 நாள் அவகாசம் தந்து, வெயில் வேலையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உங்கள் கணவர் ஐந்தாம் நாளே மதிய வெயிலில் முழு வேலையில் நின்றிருக்கிறார். இது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஊரில் வெயிலில் வேலை செய்து பழகியவர்தானே என்று கம்பெனி வாதிடலாம். அந்தப் பேச்சு விதிக்கு மாற்றாகாது.

ஆனால் இழப்பீடு பெற, கம்பெனியின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது வேலையால் பாதிப்பு வந்ததா என்றுதான் பார்க்கிறது. வேலை பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) வந்தவருக்கும் அது பொருந்தும், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மருத்துவ விடுப்புக்குச் சம்பளம், சிகிச்சைச் செலவு, நிரந்தரக் குறைபாடு தங்கிவிட்டால் தனித்தொகை ஆகிய மூன்றும் கிடைக்கும். கம்பெனி அமைச்சுக்குத் தெரிவிக்காவிட்டால் அவரே மனுப் போடலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

கம்பெனியின் கூற்றே உண்மை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் செலவு உங்கள் தலையில் விழாது. பெர்மிட் தொழிலாளியின் சிகிச்சைச் செலவுக்கு முதலாளியே பொறுப்பு. அதற்கென ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். தொழிலாளியும் ஒரு பங்கு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே, அதுவும் மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மிகாமல், கேட்க முடியும். எனவே ஒப்பந்தத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

சான்றுகளை இப்போதே சேர்க்க வேண்டும். எம்.சி. தாள்கள் (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று), சம்பளச் சீட்டு, வேலை நேர அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அவர் போன் தொலைந்தாலும் உங்களிடம் இருக்கும். அன்று பக்கத்தில் நின்றவர்களின் பெயரும் எண்ணும் முக்கியம். ஆட்கள் வேறு சைட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டால் தேடிப் பிடிப்பது கடினம்.

பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். செய்யலாம். ஆனால் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அங்கே தங்குவதற்குச் சிறப்பு அனுமதி கேட்கலாம். ஊருக்கு வந்துவிட்டாலும் உரிமை போய்விடாது. ஆனாலும் சிகிச்சை தொடரவும், குறைபாட்டை அந்நாட்டு மருத்துவர் மதிப்பிடவும் அவர் அங்கே இருப்பதுதான் நல்லது. வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்கு அழைத்துப் போனால், குடிநுழைவு அதிகாரியிடம் "விபத்துக் கோரிக்கை பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று அவர் சொல்ல வேண்டும். கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

உடம்பு முடியாமல் இதையெல்லாம் அவர் தனியாகச் செய்ய முடியாது. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் நிலையமும், டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பும் இத்தகைய வழக்குகளைத் தினமும் பார்க்கின்றன. டார்மிட்டரி நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்கள் இங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிந்து, சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்கும் ஒரு மனு அனுப்புங்கள். இரண்டிலும் பெர்மிட் எண், கம்பெனி பெயர், விழுந்த தேதி, மருத்துவமனைப் பெயர் இருக்கட்டும்.