பெரிக்ரின் என்ற பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்னை ராணுவத்தின் பழைய தலைமைத் தளபதிகள் பட்டியலை வேறொரு வேலைக்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1836க்கு நேரே ‘சர் பெரிக்ரின் மெய்ட்லண்ட்’ என்று இருந்தது. பெரிக்ரின் என்றால் எனக்குத் தெரிந்தது பொரி வல்லூறுதான். இப்படியும் ஒரு பெயரா என்று தேடினேன். அந்தப் பெயரில் வந்தவர்களில் பாதிப்பேர் டியூக், பிரபு, அவர்களுடைய தம்பிமார். வேட்டைப் பறவையின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது ஜமீன் மிடுக்கு அல்லாமல் வேறென்ன? இந்தப் பெயர் ஏன் மேல்தட்டிலேயே தங்கிவிட்டது? சென்னைக்கு வந்த மெய்ட்லண்ட் எப்படிப்பட்டவர்? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1486ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு வேட்டை நூல், யார் எந்தப் பறவையைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தஸ்துவாரியாகச் சொல்கிறது. அதில் பொரி வல்லூறு ஏர்ல் பட்டம் பெற்றவருக்கு. ஆனால் அந்தப் பறவையைப் பார்த்து யாரும் இந்தப் பெயரை வைக்கவில்லை. பறவைக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாக லத்தீனிலிருந்து வந்த பெயர் இது. வெளியூரான், வழிப்போக்கன் என்று பொருள். பறவைக்கு ஏன் வந்தது என்றால், இந்த வல்லூறைக் கூட்டில் குஞ்சாக எடுக்காமல் வலசை போகிற வழியில் வலைபோட்டுப் பிடிப்பார்கள். பிள்ளைக்கு வந்த கதை இதைவிட நல்ல கதை. அதில் மிடுக்கு எதுவும் இல்லை, உயிருக்குப் பயந்து ஓடிய ஒரு பெண்தான் இருக்கிறாள்.

அவள் பெயர் கேதரின் வில்லோபி. லிங்கன்ஷர் மாவட்டத்தின் பெரிய நிலங்களுக்குச் சொந்தக்காரி, தன் உரிமையிலேயே பிரபுப் பட்டம் உள்ளவள். அம்மா ஸ்பெயின்காரி. எட்டாம் ஹென்றியின் முதல் மனைவியோடு தோழியாக வந்தவர். கேதரினுக்குப் பதினான்கு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை அவளுடைய காப்பாளராக இருந்த சஃபோக் டியூக், வயது ஐம்பதை ஒட்டி. அவர் மகனுக்குத்தான் முதலில் அவளை நிச்சயித்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பெரிய வீட்டு விவகாரங்களை நாம் அதிகம் கிளற வேண்டாம்.

டியூக் இறந்தார். 1551 ஜூலையில், வியர்வைக் காய்ச்சல் என்று அவர்கள் சொன்ன கொள்ளைநோயில், அவளுடைய இரண்டு மகன்களும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகு அவள் தன் வீட்டு ஊழியரான ரிச்சர்ட் பெர்டியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அரசவையில் முகம் சுளித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. துடுக்கான பெண். தீவிரப் புராட்டஸ்டன்ட். பிஷப் கார்டினரைப் பிடிக்காது என்பதால் தன் நாய்க்கு கார்டினர் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டவள். கத்தோலிக்கரான மேரி 1553ல் அரசியானதும் அந்த கார்டினரே அரசின் தலைமை அதிகாரியாக வந்து உட்கார்ந்தார். நாய்க்குப் பெயர் வைக்கும்போதுகூட நாலு வருஷம் முன்னே யோசிக்க வேண்டும் போல.

1555 புத்தாண்டு அன்று விடியற்காலை இருட்டில், கைக்குழந்தையோடும் ஒருசில வேலையாட்களோடும் அவள் லண்டன் வீட்டை விட்டுக் கிளம்பினாள். கணவர் முன்னாலேயே கடல் தாண்டிப் போயிருந்தார். ரைன் கரையில் வேஸல் என்ற ஊருக்கு அவர்கள் வந்து சேர்ந்தது பிப்ரவரியில், கொட்டும் மழையில். குழந்தையை அவர் தூக்கிக்கொள்ள, அவருடைய மேலங்கியையும் வாளையும் அவள் சுமந்து வந்தாள். ஊர்க்காரர்கள் யாரோ கூலிப்படைச் சிப்பாய், கூட வருபவள் அவன் சேர்த்துக்கொண்டவள் என்று நினைத்து இடம் கொடுக்கவில்லை. மாதா கோயில் வாசல் மண்டபத்தில் ஒதுங்கினார்கள். பெர்டிக்கு உள்ளூர் மொழி வராது. தெருவில் லத்தீன் பேசிக்கொண்டு போன பள்ளிப் பையன்களைப் பிடித்து வழி கேட்டு, கேதரின் முன்பு எப்போதோ உதவி செய்திருந்த ஒரு பாதிரியார் வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த ஊரில்தான் 1555 அக்டோபரில் மகன் பிறந்தான். அன்னிய மண்ணில் பிறந்தவன் என்பதால் பெரிக்ரின். நம் வழக்கில் கிட்டத்தட்ட ‘பரதேசி’.

அவன் அந்த வாசல் மண்டபத்திலேயே பிறந்தான் என்று பிற்காலத்தில் ஒரு கதை கிளம்பியது. மண்டபத்தில் ஒதுங்கியது பிப்ரவரியில், பிள்ளை பிறந்தது அக்டோபரில். எட்டு மாதம் யாரும் மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். வேஸலிலும் நிலைக்க முடியாமல் போலந்து அரசரின் தயவில் லித்துவேனியாவில் ஒரு பகுதியை நிர்வகித்துக் காலம் தள்ளி, எலிசபெத் அரசியான பிறகு 1559ல்தான் ஊர் திரும்பினார்கள். திரும்பியதும் நான்கு வயதுகூட நிரம்பாத பையனுக்கு ஆங்கிலக் குடியுரிமைப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது.

இந்தப் பையன்தான் பெரிக்ரின் பெர்டி, வில்லோபி பிரபு. நெதர்லாந்தில் ஸ்பெயினுக்கு எதிராக ஆங்கிலப் படைகளின் தளபதி. 1588ல் பெர்ஹன் ஆப் ஜூம் கோட்டையைக் காத்தவர். அடுத்த வருஷம் பிரான்சின் நான்காம் ஹென்றிக்கு உதவப் படை கொண்டுபோனார். எலிசபெத் ‘என் நல்ல பெரிக்ரின்’ என்று விளித்துக் கடிதம் எழுதினார். அவரைப் பற்றித் தெருப்பாட்டே உண்டு. எனக்குப் பிடித்தது வேறொன்று. அரசவைப் பக்கம் அதிகம் போகாததற்கு அவர் சொன்ன காரணத்தை, கொஞ்சம் பின்னால் வந்த ராபர்ட் நான்டன் குறித்து வைத்திருக்கிறார்: தான் ஊர்வன இனத்தைச் சேர்ந்தவன் இல்லை என்றாராம். தரையில் தவழ வராது என்று அர்த்தம். அம்மாவின் ரத்தம்.

சரி, அகதிப் பெயர் எப்படி ஜமீன் சொத்தானது? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் உண்டு. ஒரு சண்டைக்காரத் தாத்தா இருந்தால் அவர் பெயரை விடமாட்டார்கள். பெர்டி குடும்பம் ஏர்லாகி, பின்பு அன்காஸ்டர் டியூக்காகி வளர்ந்தபோது பெயரும் கூடவே ஏறியது. இரண்டாம், மூன்றாம் அன்காஸ்டர் டியூக்குகள் இருவரும் பெரிக்ரின்தான். குடும்பத்துப் பெண்கள் கல்யாணமாகிப் போன வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். முதல் பெரிக்ரினின் கல்லறை இருக்கும் ஸ்பில்ஸ்பிக்குப் பக்கத்தில் பார்ட்னி என்ற கிராமத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிக்ரின் லாங்டன் என்று ஒருவர் இருந்தார். வருஷத்துக்கு 200 பவுண்டு மட்டும் வருமானம். அதில் சீருடை போட்ட இரண்டு ஆட்கள், இரண்டு வேலைக்காரிகள் எல்லாம் வைத்து, ஒருவருக்கும் கடன் இல்லாமல் கௌரவமாக வாழ்ந்தார். அவர் கணக்கு வழக்கைப் பாஸ்வெல் வியந்து, அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைப் பற்றிய தன் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். எல்லாப் பெரிக்ரின்களும் டியூக் இல்லை.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் இந்தப் பெயர் இரண்டு பக்கமும் நின்றது. முதல் பெரிக்ரினின் மகன் ராபர்ட், லிண்ட்சி ஏர்ல், அரசருக்காக 1642ல் எட்ஜ்ஹில்லில் சண்டைபோட்டு அந்தக் காயத்தில் இறந்தார். பேரன் மாண்டகு, 1649ல் தலை வெட்டப்பட்ட அரசர் சார்லஸை வின்ட்சரில் அடக்கம் செய்த நான்கு பிரபுக்களில் ஒருவர். அந்தத் தலையை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில், ஹல் நகரத்தின் எம்.பி.யான பெரிக்ரின் பெல்ஹம் ஒருவர்.

மாண்டகுவின் மகள் பிரிட்ஜெட் மூலம் பெயர் ஆஸ்போர்ன் குடும்பத்துக்குப் போனது. அவர் மகன் பெரிக்ரின் ஆஸ்போர்ன், பின்னாளில் இரண்டாம் லீட்ஸ் டியூக். கடற்படைக்காரர். கப்பல் வடிவமைப்பதில் நிஜமான திறமை, கப்பல் நடத்துவதில் அவ்வளவு இல்லை. 1695ல் எதிரே வந்த வணிகக் கப்பல்களைப் பிரெஞ்சுப் போர்ப்படை என்று நினைத்துத் துறைமுகத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார். காவல் இல்லாமல் போன வணிகக் கப்பல்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1698ல் ரஷ்யாவின் மகா பீட்டர் கப்பல் கட்டும் தொழில் படிக்க லண்டன் வந்தபோது இவருக்கு அடித்தது யோகம். இருவரும் சேர்ந்து படகு ஓட்டினார்கள், மிளகு போட்ட பிராந்தி குடித்தார்கள். இவர் வடிவமைத்த உல்லாசக் கப்பலை ஆங்கில அரசர் பீட்டருக்குப் பரிசளித்தார். ரஷ்யாவில் புகையிலை விற்கும் ஏகபோக உரிமை இவர் வழியாக ஆங்கில வியாபாரிகளுக்குக் கிடைத்தது. மிளகு பிராந்திக்கு அவ்வளவு பலன்.

பட்டம் பதவி இல்லாத ஒரு பெரிக்ரினையும் சொல்லிவிடுகிறேன். 1620 நவம்பரில், அமெரிக்கக் கரையை ஒட்டி நங்கூரமிட்டிருந்த மேஃபிளவர் கப்பலில் பிறந்த பெரிக்ரின் வைட். மதத்துக்காக நாடு விட்ட குடும்பம், வழியில் பிறந்த பிள்ளை, அதே பெயர். அப்பா சில மாதங்களில் இறந்துபோனார். பிள்ளை 1704 வரை வாழ்ந்தது.

இனி உங்கள் மெய்ட்லண்ட். வாட்டர்லூவில் நெப்போலியனின் மெய்க்காவல் படையின் கடைசித் தாக்குதலை முறியடித்த காவல்படைப் பிரிவு அவருடையது. அதே 1815ல் ரிச்மண்ட் டியூக்கின் மகளோடு ஓடிப்போய்க் கல்யாணம். மாமனார் கோபம் தணிந்து, தான் கனடாவின் கவர்னர் ஜெனரலாகப் போனபோது மாப்பிள்ளையையும் அங்கே அதிகாரத்தில் உட்காரவைத்தார். (மாமனார் மறு வருஷமே வளர்ப்பு நரி கடித்து வெறிநோயில் செத்தார்.) மெய்ட்லண்ட் 1818ல் மேல் கனடாவுக்கு (இன்றைய ஒன்டாரியோ பகுதி) வந்தபோது ராபர்ட் கூர்லே என்ற ஸ்காட்லாந்துக்காரர் குடியேறிகளிடம் 31 கேள்விகள் கொண்ட தாளைச் சுற்றுக்கு விட்டிருந்தார். ‘உங்கள் ஊர் முன்னேறாமல் தடுப்பது எது’ என்பது கடைசிக் கேள்வி. அரசாங்கத்துக்குப் பதில் தெரிந்திருந்ததால் கேள்வி பிடிக்கவில்லை. கூர்லேயைப் பல மாதங்கள் நயாகரா சிறையில் போட்டு, 1819ல் நாடு கடத்தினார்கள். பெரிக்ரின் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவரை நாடு கடத்துவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஆனால் சென்னையில் வேறொரு மனசாட்சி விழித்தது. 1817ஆம் வருஷத்து ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டப்படி இங்கே கோயில் சொத்துகளின் மேற்பார்வை கம்பெனியின் ரெவின்யூ போர்டிடம் இருந்தது. திருவிழாக்களுக்குப் படை மரியாதையும் பீரங்கி வணக்கமும் உண்டு. மெய்ட்லண்ட் தீவிரக் கிறிஸ்தவர். கிறிஸ்தவச் சிப்பாய்களை விக்கிரகத்துக்கு முன் அணிவகுக்கச் சொல்வது பாவம் என்பது அவர் கட்சி. பாதிரிகளும் அதிகாரிகளும் 1836ல் பிஷப் டேனியல் கோரி வழியாகக் கொடுத்த மனு தள்ளுபடியானது. மெய்ட்லண்ட் 1838ல் தளபதிப் பதவியை ராஜினாமா செய்தார். இங்கிலாந்தில் அது பெரிய பேச்சானது. 1840களில் கம்பெனி கோயில்களைத் தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைத்து விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பின் அந்தச் சொத்துகள் பட்ட பாடு தனிப் பஞ்சாயத்து. அவருடைய மத வெறுப்பு எனக்கு ஒத்துவராது. இருந்தாலும் தளபதிச் சம்பளத்தை ஒரு கொள்கைக்காக விட்டவர்கள் கம்பெனியில் அதிகம் பேர் இல்லை. கனடாவில் கூர்லேயை நசுக்கியவரும் இதே ஆள்தான், இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

இப்போதும் இந்தப் பெயர் இருக்கிறது, மேல்தட்டில்தான். சண்டே டெலிகிராஃப் ஆசிரியராக இருந்த பெரிக்ரின் வொர்ஸ்தோர்ன் 2020ல் காலமானார். அம்மா வழியில் பெர்டி வம்சம். அப்பா குடும்பம் பெல்ஜியத்திலிருந்து வந்தது, கோக் டி கூரைண்ட் என்று பெயர். அது வெளிநாட்டு வாடை அடிக்கிறது என்று லங்காஷர் கிராமம் ஒன்றின் பெயரைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்டார்கள். மகனுடைய முதல் பெயரை யாரும் தொடவில்லை. 1944ல் பிறந்த 12ஆம் டெவன்ஷர் டியூக்கும் பெரிக்ரின் கேவண்டிஷ்தான். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கூப்பிடுவது ஸ்டோக்கர் என்று.

அன்புடன்