தகுதி என்ற கேள்வி யாருக்கு மட்டும்?

கேள்வி: அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குக் கறுப்பினப் பெண் ஒருவரையே நியமிப்பேன் என்று தேர்தலுக்கு முன்பே அறிவித்த ஜோ பைடன், 2022-இல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனை நியமித்தார். இனமும் பாலினமும் பார்த்து நீதிபதியைத் தேர்ந்தெடுத்தால் தகுதிக்கு என்ன மதிப்பு? மிகச் சிறந்தவர் யாரோ அவரை நியமிப்பதுதானே நியாயம்?

பதில்: மிகச் சிறந்தவர் இவர்தான் என்று கண்டறிந்து சொல்லும் தேர்வோ தரவரிசைப் பட்டியலோ அமெரிக்காவில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதிபர் ஒரு பெயரை முன்மொழிகிறார்; செனட் சபை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. அந்நாட்டு அரசியல் சாசனம் இந்தப் பதவிக்கு வயது, படிப்பு, அனுபவம் எதையும் நிபந்தனையாக வைக்கவில்லை. 1941 முதல் 1954 வரை அங்கே நீதிபதியாக இருந்து, தீர்ப்பின் மொழிநடைக்காக இன்றும் போற்றப்படும் ராபர்ட் ஜாக்சன், சட்டப் பட்டம் பெறாமலேயே வழக்கறிஞர் ஆனவர். ஆகவே, இல்லாத ஒரு பட்டியலின் முதல் இடத்தில் இருந்தவரை ஒதுக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற வருத்தம் நமக்கு வேண்டாம்.

தகுதிக்கு வெளியே உள்ளவற்றைப் பார்ப்பது பைடனோடு தொடங்கிய பழக்கமும் அன்று. 19-ஆம் நூற்றாண்டில் நீதிபதிகள் தத்தம் வட்டாரங்களுக்குப் பயணம் செய்து வழக்கு விசாரிக்க வேண்டியிருந்ததால், எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதே நியமனத்தில் முக்கியமாக இருந்தது. பின்னர் மதம் பார்த்தார்கள். 1916-இல் லூயிஸ் பிராண்டைஸ் பதவியேற்றது முதல் 1969 வரை யூதர் ஒருவராவது அந்த நீதிபதிகள் ஆயத்தில் இருந்துகொண்டே இருந்தார். அதற்கு 'யூத இருக்கை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1956-இல் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர் தேடிப் பிடித்த வில்லியம் பிரென்னன், கத்தோலிக்கர் என்பதாலும் எதிர்க்கட்சிக்காரர் என்பதாலும் வாக்குகளுக்குப் பயன்படுவார் என்று கருதப்பட்டவர். அவரே அந்த நூற்றாண்டின் மிகுந்த செல்வாக்குள்ள நீதிபதிகளில் ஒருவராக விளங்கினார் என்பது வேறு கதை.

பாலினத்தை முன்கூட்டியே அறிவித்ததிலும் பைடன் முதலாமவரல்லர். முதலில் வரும் காலியிடங்களில் ஒன்றுக்குப் பெண்ணை நியமிப்பேன் என்று 1980 அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில் ரீகன் வாக்களித்தார். அதன்படி மறு ஆண்டு சாண்ட்ரா டே ஓ'கானரை முன்மொழிந்தபோது செனட்டில் 99 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2020-இல் மறைந்தவுடன், அந்த இடத்துக்குப் பெண்ணையே நியமிப்பேன் என்றார் டிரம்ப். ஏமி கோனி பாரெட் வந்தார். அப்போதெல்லாம் தகுதி போயிற்றே என்று கவலைப்படாத பலர் 2022-இல் திடீரென விழித்துக்கொண்டார்கள். ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளர், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஜாக்சன் எடுத்த மதிப்பெண் என்ன என்றுகூடக் கேட்டார். ஹார்வர்டில் சட்டம் முடித்து, அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பிரையரிடம் உதவியாளராக இருந்து, குற்றம் சாட்டப்பட்ட வசதியற்றவர்களுக்காக அரசு செலவில் அமர்த்தப்படும் வழக்கறிஞராக வாதாடி, எட்டு ஆண்டுகள் விசாரணை நீதிமன்றத்திலும் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அமர்ந்த ஒருவரைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி இது! பாரெட் அதற்கு முன் நீதிபதியாக இருந்தது மூன்று ஆண்டுக்கும் குறைவு. அதே நீதிமன்றத்தின் மற்ற நீதிபதிகளில் கிளாரன்ஸ் தாமஸ் இரண்டு ஆண்டுகூட இல்லை. எலினா கேகன் ஒரு நாளும் இல்லை. அவர்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அளவுகோல் ஆளுக்கு ஆள் நீள்வதையும் குறுகுவதையும்தான் சொல்கிறோம்.

தங்கள் கேள்வியில் நாம் ஒப்புக்கொள்ளும் பகுதியும் உண்டு. பைடன் அந்த வாக்குறுதியைத் தந்தது 2020 பிப்ரவரி 25 அன்று, தென் கரோலினாவில் நடந்த விவாத மேடையில். நான்கு நாள் கழித்து அதே மாநிலத்தில், கறுப்பின வாக்காளர்கள் முடிவைத் தீர்மானிக்கக்கூடிய, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தல் இருந்தது. அது நீதித்துறைக் கொள்கையாகப் பேசப்பட்டதல்ல, வாக்குக் கணக்கு. மனத்தில் வைத்துச் செய்திருக்க வேண்டியதை மேடையில் சொன்னதால், தம் சாதனைகளாலேயே வந்திருக்கக்கூடிய ஒருவர்மீது சலுகையில் வந்தவர் என்ற பழி விழ அவரே வழி செய்து கொடுத்தார்.

இனமும் பாலினமும் தீர்ப்பை முடிவு செய்துவிடுமா என்றால், இல்லை. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 2023-இல் வந்த தீர்ப்பை வட கரோலினா பல்கலைக்கழக வழக்கில் தாமஸ் ஆதரித்துத் தனியாக எழுதினார், ஜாக்சன் எதிர்த்து எழுதினார்; இருவரும் கறுப்பினத்தவர். ஆனால், ஆயத்தின் முன் ஒரு வழக்கு வரும்போது அதில் எது கண்ணில் படுகிறது என்பதை வாழ்ந்த வாழ்க்கை மாற்றுகிறது. அரிசோனாவில் வலி மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகித்து 13 வயது மாணவியின் ஆடைகளைக் களைந்து பள்ளியில் சோதனையிட்ட வழக்கு 2009-இல் விசாரணைக்கு வந்தபோது, ஆண் நீதிபதிகள் சிலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்போது ஆயத்தில் இருந்த ஒரே பெண்ணான கின்ஸ்பர்க், தம் சகாக்கள் யாரும் 13 வயதுச் சிறுமியாக இருந்ததில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். சோதனை சட்டவிரோதம் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதேபோல, சிலுவையை எரித்து அச்சுறுத்துவதைத் தடை செய்த வர்ஜீனியா சட்டம் 2002-இல் வாதத்துக்கு வந்தபோது, வாதங்களின்போது பெரும்பாலும் வாய் திறக்காத தாமஸ் குறுக்கிட்டு, சிலுவை எரிப்பைக் கறுப்பினத்தவரை மிரட்டப் பயன்படுத்திய வெள்ளையினவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் நீண்ட பயங்கர ஆட்சியை நினைவூட்டினார். அச்சுறுத்தும் நோக்கத்தோடு செய்வதை மாநிலம் தடை செய்யலாம் என்று மறு ஆண்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இன அடிப்படையிலான சலுகைகளைக் கடுமையாக எதிர்ப்பவர் தாமஸ் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டுகிறோம்.

ஜாக்சனுக்கு முன் அந்த நீதிமன்றத்தில் அமர்ந்தவர்கள் 115 பேர். அவர்களில் 108 பேர் வெள்ளையின ஆண்கள். முதல் கறுப்பினத்தவரான தர்குட் மார்ஷல் 1967-இல்தான் வந்தார். அந்த 108 பேரும் இனமும் பாலினமும் பாராமல் தகுதியால் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று தாங்கள் நம்பினால் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

தகுதியற்றவரைத் தடுக்க வழியே இல்லையா என்றால், செனட் சபை இருக்கிறது. 1970-இல் அதிபர் நிக்சன் முன்மொழிந்த ஹாரல்ட் கார்ஸ்வெல்லின் தீர்ப்புகள் மேல்முறையீட்டில் அடிக்கடி கவிழ்ந்திருந்தன; நடுத்தரமானவர் என்ற விமர்சனம் எழுந்தது. அதற்கு அவரை ஆதரித்த செனட்டர் ரோமன் ஹ்ரஸ்கா, நாட்டில் நடுத்தரமான மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் பிரதிநிதித்துவம் வேண்டாமா என்ற பொருளில் பதில் சொன்னார். செனட் 51-க்கு 45 என்ற கணக்கில் கார்ஸ்வெல்லை நிராகரித்தது. அவரும் ஒரு வெள்ளையின ஆண்தான்.