மாற்றிய கிட்னியும் சலப் பரிசோதனையும்: கேள்வி பதில்

சலத்தை வைத்தே மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிப்பதைக் கண்டுபிடிக்கலாமாம் என்று கேள்விப்பட்டு, திருகோணமலைப் பக்கமிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். நான் லாப் ஆள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக் டொக்டர் வேலை, அதில் கை வைக்க மாட்டேன்.

உப்புவெளி: அக்கா, அப்பாவுக்குக் கண்டியில் கிட்னி மாற்றினது. பயொப்சி என்றாலே நடுங்குகிறார். இனிச் சலம் மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது தங்கச்சி. அப்பாவின் பயம் நியாயம்தான், ஊசியால் துண்டு எடுக்கும்போது சிலருக்கு இரத்தம் கசியும், சலம் சிவந்து போகும். அதைக் குறைக்கத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும். ஆனால் நிராகரிப்பா, எந்த வகை, எவ்வளவு கடுமை என்று முடிவு சொல்வது இன்னும் பயொப்சிதான். சலப் பரிசோதனை, அந்த ஊசி இப்போது தேவையா என்று தீர்மானிக்க உதவலாம், அவ்வளவுதான்.

கிண்ணியா: நான் மாதாமாதம் யூரின் ஃபுல் ரிப்போர்ட் எடுக்கிறேனே மிஸ், அதில் தெரியாதா?

அது வேறு தம்பி. அதில் பார்ப்பது புரதம், சீனி, சீழணு, சிவப்பணு. இந்தப் புதுச் சோதனை சலத்தோடு வரும் உயிரணுக்களுக்குள்ளேயே போய்ப் பார்ப்பது. வெள்ளணுக்கள் புதுக் கிட்னிக்குள் இறங்கித் தாக்கத் தொடங்கினால் அதில் கொஞ்சம் சலத்தோடு வெளியே வரும். சலத்தை மெஷினில் சுழற்றினால் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படிவு தங்கும், அதிலிருந்து ஆர்என்ஏ (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) எடுத்து அளப்பார்கள். 2013 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் 485 பேரின் 4300 சல மாதிரிகளைச் சோதித்தார்கள். சிடி3, ஐபி-10, 18எஸ் என்ற மூன்று ஆர்என்ஏக்களின் அளவையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டார்கள், பயொப்சியில் நிராகரிப்பு உறுதியாவதற்கு 20 நாள் வரை முன்பே அது ஏறத் தொடங்கியது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கும் கிரியட்டினின் பெரும்பாலும் சேதம் நடந்த பிறகுதான் ஏறும், அதனால்தான் இந்த 20 நாளை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அந்த ஆய்விலேயே நிராகரிப்பு உள்ள 100 பேரில் 79 பேரைத்தான் பிடித்தது, இல்லாத 100 பேரில் 22 பேருக்கு வீணாக மணி அடித்தது. அதுவும் வெள்ளணுக்கள் நேராகத் தாக்கும் வகைக்குத்தான், எதிர்ப்புடல்களால் வரும் வகைக்கு இல்லை.

மூதூர்: இங்கேயே சலத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பலாமா?

ஆர்என்ஏ சோதனைக்கு அது சரிவராது அண்ணா. ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். எடுத்த கையோடு சுழற்றிப் படிவைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும், நம்முடைய வெயிலில் பஸ்ஸில் போன போத்தலில் நம்பி அளக்க எதுவும் மிஞ்சாது. வெள்ளணுக்களை அழைக்கும் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற புரதங்களைச் சலத்தில் அளக்கும் முறை இதைவிட இலகு, புரதம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஒரு நாள் வந்து சேருவதென்றால் அதுதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பலகாமம்: அந்தப் புரதம் கூடினால் நிராகரிப்பு நிச்சயமா?

இல்லை. சலத்தில் கிருமித் தொற்று இருந்தாலும் கூடும், கிட்னி மாற்றியவர்களைப் பிடிக்கும் பிகே வைரஸ் இருந்தாலும் கூடும். இதைக் குழப்பிக்கொண்டால் ஆபத்து, ஏனென்றால் நிராகரிப்புக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்குவார்கள், பிகே வைரஸுக்கு அந்த அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள், வைத்தியம் நேரெதிர். புரதம் குறைவாக இருந்து, நிராகரிப்பு இருக்காது என்று சொல்லும்போதுதான் இந்தச் சோதனையை அதிகம் நம்பலாம். அப்புறம், சிஎக்ஸ்சிஎல்10 ஐத் தொடர்ந்து அளந்து, கூடினால் பயொப்சி செய்து வைத்தியம் பார்த்தால் பலன் உண்டா என்று 241 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023 இல் வந்தது. ஒரு வருட முடிவில் வழக்கமான கவனிப்பை விட மேலாக இருக்கவில்லை. எனக்கு அது ஏமாற்றம்தான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

நிலாவெளி: கிரியட்டினின் நல்லாத்தான் இருக்கு. ஒரு கிளினிக்கை விட்டால் என்ன?

விடாதீர்கள் ஐயா, தயவுசெய்து. கிரியட்டினின் பிந்தித்தான் ஏறும் என்று மேலே சொன்னேனே. இன்னொன்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டக்ரோலிமஸ் மருந்து இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் நாளில் விடிய பஸ் ஏற முன்னமே பழக்கத்தில் குளிசையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. போட்டால் ரிப்போர்ட் பொய்யாக உயர்ந்து காட்டும். குளிசையைப் பையில் கொண்டு போய், இரத்தம் கொடுத்த உடனே போடுங்கள். வயிற்றோட்டம், வாந்தி வந்தாலும் அந்த அளவு மாறும், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வார்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.