தந்தையின் செவித்திறன் பரிசோதனை குறித்து

வணக்கம். சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை என்று உங்கள் தந்தை சொல்வதாகவும், அடுத்த வாரப் பரிசோதனையை நினைத்து அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை என்பதை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை அகற்றிய பிறகே சோதிப்பது நல்லது. பின்னர் ஒலி புகாத சிறு அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) வரையிலான ஒலிகளை, அவருக்குக் கேட்கும் மிக மெல்லிய அளவு எதுவென்று தெரியும்வரை, சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலிக்கச் செய்வார்கள். கேட்டதோ இல்லையோ என்று ஐயம் எழும் அளவுக்கு மெல்லிய ஒலிக்கும் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். பெரியவர்கள் பலர் தயங்குவது இங்கேதான். காதின் பின்னெலும்பில் சிறு அதிர்வியை வைத்துச் செய்யும் சோதனை, குறை உட்காதிலோ அதன் நரம்பிலோ உள்ளதா, வெளிக்காதிலோ நடுக்காதிலோ உள்ளதா என்பதைப் பிரித்துக் காட்டும்.

அவருடைய சிக்கலுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பேச்சுச் சோதனைதான் என்பது என் கருத்து. அதை அவருக்குப் பழகிய தமிழிலேயே நடத்தும்படி தயங்காமல் கேளுங்கள்.

முடிவு வரைபடத்தில் சிவப்பு வட்டம் வலக்காதையும் நீலப் பெருக்கல் குறி இடக்காதையும் குறிக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அன்றே செவித்துணைக் கருவி வாங்கியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இடையில் ஒரு காது திடீரென மந்தமானால் மட்டும், குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.