எக்மோ குழாய்களைக் கவனிக்கும் வேலை: மகளைச் சேர்க்கும் முன் ஒரு பெற்றோருக்கு

"குழாயைச் சரிபார்க்கும் வேலைக்கு நான்கு வருடப் படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழாய், எக்மோ என்ற உயிர்காக்கும் இயந்திரத்தின் குழாய். இதயமோ நுரையீரலோ கைவிட்ட நோயாளிக்கு, நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் ரத்தம் அதன் வழியாகத்தான் வெளியே வந்து, ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு உடலுக்குள் திரும்புகிறது.

முதலில் ஒரு தெளிவு. குழாயை ரத்தநாளத்துக்குள் செருகுவதும் இடம் மாற்றுவதும் மருத்துவர் வேலை. பம்ப்பையும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரையும் இயக்கி, மணிக்கு மணி அழுத்தங்களைக் குறித்து, கோளாறை முதலில் கண்டுபிடிப்பவர் பெர்ஃபியூஷனிஸ்ட் அல்லது எக்மோ பயிற்சி பெற்ற செவிலியர். தன் கையால் குழாய் செருக வேண்டும் என்பதுதான் மகளின் ஆசை என்றால், அவர் போக வேண்டியது மருத்துவப் படிப்புக்கு. இதை இப்போதே பேசிவிடுங்கள். பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால் கசப்புதான் மிஞ்சும்.

பாடத்தில் இயற்பியல் நிறைய வரும். குழாயின் பருமனை 'ஃபிரெஞ்ச்' என்ற அளவில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் என்றால் 1 மி.மீ. வெளிவிட்டம். பெரியவர்களுக்கு ரத்தத்தை வெளியே எடுக்கப் பெரும்பாலும் 21 முதல் 29 வரையும், தமனிக்குத் திருப்பி அனுப்ப 15 முதல் 19 வரையும் பயன்படுத்துகிறார்கள். சீரான ஓட்டத்தில் உள்விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். அதனால்தான் ஓரிரு எண் வித்தியாசத்துக்கே அவ்வளவு யோசிக்கிறார்கள்.

இந்த வேலையின் உண்மையான சோதனை 'சாட்டரிங்' வரும்போதுதான். ரத்தத்தை எடுக்கும் குழாய் திடீரென்று படபடவென அடித்துக்கொள்ளும். திரையில் ஓட்டம் 4.5 லிட்டரிலிருந்து 3-க்கு இறங்கியிருக்கும். புதியவரின் கை தானாகவே பம்ப் வேகத்தைக் கூட்டப் போகும். அங்கேதான் தவறு. நாளத்தில் போதிய ரத்தம் இல்லாமல் பம்ப் உறிஞ்சும்போது, நாளச் சுவரே குழாயின் துளைகளில் ஒட்டி அடைத்துக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டினால் இன்னும் இறுக ஒட்டும். உறிஞ்சும் அழுத்தம் மைனஸ் 100 மி.மீ. பாதரசத்தை வெகுவாகத் தாண்டினால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும், சிறுநீர் செம்பழுப்பாகும். ஆகவே வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். குறைத்ததும் ஓட்டம் கூடுவது பலமுறை நடக்கும். அதன்பின் காரணத்தைத் தேட வேண்டும்: நோயாளியிலிருந்து பம்ப் வரை எங்காவது குழாய் மடங்கியிருக்கிறதா, நோயாளி இருமுகிறாரா, எங்காவது ரத்தக் கசிவா, நெஞ்சறையில் காற்றோ இதய உறையில் ரத்தமோ சேர்ந்திருக்கிறதா, குழாய் முனை நகர்ந்துவிட்டதா. காரணம் பார்க்காமல் திரவத்தை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கும்.

நுரையீரலுக்கு மட்டும் துணை செய்யும் எக்மோ வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் எடுக்கும் குழாய், திருப்பும் குழாய் இரண்டுமே சிரையில்தான் இருக்கும். முனைகள் நெருங்கிவிட்டால், ஆக்சிஜன் ஏறிய ரத்தம் உடலுக்குப் போகாமல் அப்படியே மறுபடி பம்ப்புக்குள் இழுக்கப்படும். நோயாளியின் ஆக்சிஜன் அளவு இறங்கும். வெளியே வரும் ரத்தமோ வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று சிவந்திருக்கும். இங்கேயும் ஓட்டத்தைக் கூட்டுவது நிலைமையைக் கெடுக்கவே செய்யும். முனைகளை விலக்குவதுதான் வழி.

அப்படி இடம் மாற்றும்போது உங்கள் மகளின் இடம் பம்ப் அருகே. தோலருகே குழாய் எந்த சென்டிமீட்டர் குறியில் நிற்கிறது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். குழாயை நெரித்து மூடும் கிளாம்ப்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாயைப் பிடிப்பதற்கென்றே ஒருவர் நிற்பார்; அவருக்கு வேறு வேலை கிடையாது. மருத்துவர் தையலை வெட்டி, அல்ட்ராசவுண்டில் முனையைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். ஒவ்வொரு நகர்வுக்கும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மகள் உரக்கச் சொல்ல வேண்டும். எடுக்கும் குழாயின் பக்கத்துளை நாளத்துக்கு வெளியே வந்துவிட்டால் பம்ப் காற்றை இழுத்துவிடும். தோலுக்கு வெளியே கிடந்த பகுதியை உள்ளே தள்ளினால் கிருமியும் கூடவே போகும். முடிந்ததும் மறுபடி தையல், எக்ஸ்ரே, புதிய குறியளவு.

தொடைத் தமனியில் குழாய் இருந்தால் அந்தக் கால் குளிர்கிறதா என்று பார்ப்பதும், மூளைக்குப் போகும் ரத்தத்தின் நிலை அறிய ஆக்சிஜனை வலது கையில் அளப்பதும் அன்றாட வேலை.

படிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. உயிரியலோடு பள்ளி முடித்து நேரடியாகப் பெர்ஃபியூஷன் பட்டம் படிப்பது ஒன்று. செவிலியர் அல்லது சுவாச சிகிச்சைப் படிப்பை முடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம் பெற்று, எக்மோ பயிற்சி எடுப்பது மற்றொன்று. மகளுக்கு இன்னும் உறுதி வரவில்லை என்றால் இரண்டாவதையே சொல்வேன். எக்மோ பிடிக்காமல் போனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். 12 மணி நேரப் பணி, நள்ளிரவு அழைப்பு இரண்டும் சகஜம். எக்மோவில் வைக்கப்படும் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விடுங்கள். மாணவர் தன் கையால் எத்தனை முறை சர்க்யூட்டில் (குழாய், பம்ப், ஆக்சிஜனேட்டர் சேர்ந்த தொகுதியில்) திரவம் நிரப்பிக் காற்றை வெளியேற்றுகிறார், பம்ப் நின்றால் கைப்பிடியால் சுற்றப் பொம்மை நோயாளியை வைத்துப் பழக்குகிறார்களா, இணைந்த மருத்துவமனையில் எக்மோ உண்மையிலேயே நடக்கிறதா என்று கேளுங்கள்.