பூச்சிக்கொல்லி வேப்பெண்ணெயைக் காய்ச்சி முழங்காலில் தடவலாமா?

மாடித்தோட்டத்துக்கு வாங்கின 1500 பிபிஎம் வேப்பமருந்தில் அரை லிட்டர் மீதி இருக்கு, காய்ச்சினா நஞ்சு போய் அம்மாவின் முழங்கால் வீக்கத்துக்கு ஆகுமான்னு கேட்ட தண்டையார்பேட்டை நண்பருக்கு: தயவுசெய்து செய்யாதீங்க.

சூட்டில் அசாடிராக்டின் (பூச்சியைத் தடுக்கிற வேம்புப் பொருள், 1500 பிபிஎம்ங்கிறது இதோட அளவு) சிதையும், உண்மைதான். ஆனா புட்டியில் அது மட்டுமா இருக்கு? எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைக்கும் பால்மமாக்கியும் கரைப்பானும் இருக்கு. அடுப்பில் கரைப்பான் ஆவி தீப்பிடிக்கலாம். மிஞ்சுற பால்மமாக்கி வயசானவங்க தோலை எரிய வைக்கும். வேப்பெண்ணெயில் வீக்கம் குறைக்கும் நிம்பிடின் இருக்குன்னு எலிகளில் பார்த்திருக்காங்க. அது விதையிலேயே இருக்கிற கசப்பு, காய்ச்சுறதால உருவாகுறது இல்லை. லேபிளில் பச்சை முக்கோணம் இருந்தாலும் அது நச்சு குறைவுன்னுதான் அர்த்தம், மருந்துன்னு இல்லை.

மீதியைச் செடிக்கே தெளிச்சுடுங்க. காலாவதி தேதி பாருங்க. லிட்டருக்கு 5 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையுற மாதிரி. கலக்கினதை அன்னைக்கே முடிச்சுடணும். நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பா இருந்தா பால் மாதிரி கலங்காம எண்ணெய் மேலே வளையம் வளையமா மிதக்கும். அதைத் தெளிச்சா இலை கருகும். மெட்ரோ குழாய்த் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுங்க.

அம்மாவுக்கு முழங்கால் சிவந்து, தொட்டா சுட்டு, காய்ச்சலும் இருந்தா எதையும் தடவாம அன்னைக்கே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.